சைகோபிஜி2: ஒரு வரி எரர் ஆனதும் மீதி எல்லா வரியும் விழுகிறது. எரரை எங்கே, எப்படிப் பிடிப்பது?

வரிசைஎண்7 கேட்டது:

வணக்கம். பைத்தான் 3.11, அதை டேட்டாபேஸோடு இணைக்கும் லைப்ரரி சைகோபிஜி2 (2.9), டேட்டாபேஸ் சர்வர் போஸ்ட்கிரெஸ் 15. 40,000 வரி உள்ள சிஎஸ்வி ஒன்றை வாடிக்கையாளர் டேபிளில் ஏற்ற வேண்டும். லூப்புக்குள் வரிக்கு ஒரு இன்சர்ட். ஒவ்வொன்றையும் ட்ரை போட்டு, "எக்செப்ட் எக்செப்ஷன்" என்று பிடித்து, லாகில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறேன். லூப் முடிந்ததும் எல்லாவற்றையும் நிரந்தரமாக்க ஒரே ஒரு கமிட்.

1,312-வது வரியில் மின்னஞ்சல் ஏற்கெனவே இருக்கிறது என்று யூனிக் எரர் வந்தது. அது நியாயம்தான். ஆனால் அதற்கு அப்புறம் வந்த 38,688 வரியும் "கரண்ட் டிரான்சாக்ஷன் இஸ் அபார்ட்டட், கமாண்ட்ஸ் இக்னோர்ட் அன்டில் எண்ட் ஆஃப் டிரான்சாக்ஷன் பிளாக்" என்றே விழுந்தன. கடைசிக் கமிட் எந்த எரரும் தரவில்லை. டேபிளைத் திறந்தால் ஒரு வரிகூட இல்லை!

எக்செப்ட்டுக்குள் ரோல்பேக் (செய்ததைத் திரும்பப் பெறுவது) போட்டுப் பார்த்தேன். இப்போது அந்த மெசேஜ் வரவில்லை, ஆனால் எரருக்கு முன்னால் ஏறிய வரிகள் காணாமல் போகின்றன.

என் சந்தேகங்கள்: கெட்ட வரியை மட்டும் தள்ளிவிட்டு மீதியை ஏற்றுவது எப்படி? எந்தெந்த எக்செப்ஷனைப் பிடிக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும்? இதே ஸ்கிரிப்டில் எப்போதாவது டெட்லாக் எரரும் (இரண்டு செஷன் ஒன்றுக்கொன்று காத்து நிற்பது), "சர்வர் க்ளோஸ்ட் த கனெக்ஷன் அன்எக்ஸ்பெக்டட்லி" என்பதும் வருகின்றன. அவற்றுக்கு மறுபடி முயற்சி செய்வது சரியா?


சுருக்கன்:

கனெக்ஷனில் ஆட்டோகமிட்டை ட்ரூ ஆக்கிவிடுங்கள் ப்ரோ. ஒவ்வொரு இன்சர்ட்டும் தனி டிரான்சாக்ஷன். ஒன்று விழுந்தால் அது மட்டும் விழும். முடிந்தது கதை.


தரவுத்தச்சன்:

சுருக்கன் சொன்னது வேலை செய்யும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்களுக்கு நடந்தது என்ன என்று பார்ப்போம்.

சைகோபிஜி2-வில் முதல் எக்சிக்யூட் போகும்போதே லைப்ரரி தானாக ஒரு பிகின் அனுப்பிவிடுகிறது. அதனால் உங்கள் 40,000 இன்சர்ட்டும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (முழுதாக ஏறும் அல்லது முழுதாகத் திரும்பும் ஒரு தொகுப்பு) இருந்தன. போஸ்ட்கிரெஸில் டிரான்சாக்ஷனுக்குள் ஒரு ஸ்டேட்மென்ட் எரர் ஆனால் முழு டிரான்சாக்ஷனும் கெட்டுப்போன நிலைக்குப் போகிறது. மைஎஸ்கியூஎல் இன்னோடிபி-யில் இருந்து வருகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். அங்கே டூப்ளிகேட் கீ எரர் வந்தால் அந்த ஒரு ஸ்டேட்மென்ட் மட்டும் திரும்பும், டிரான்சாக்ஷன் உயிரோடு இருக்கும். போஸ்ட்கிரெஸில் ரோல்பேக் வரும்வரை சர்வர் வேறெதையும் காதில் வாங்காது. பைத்தான் பக்கம் நீங்கள் எக்செப்ஷனைப் பிடித்து விழுங்கிவிட்டது சர்வருக்குத் தெரியவே தெரியாது.

கமிட் ஏன் எரர் தரவில்லை என்பதுதான் இதில் மோசமான பகுதி. கெட்டுப்போன டிரான்சாக்ஷனுக்குக் கமிட் அனுப்பினால் போஸ்ட்கிரெஸ் அதை எரராக எண்ணுவதில்லை. சத்தமில்லாமல் ரோல்பேக் செய்துவிட்டு, பதிலில் "கமிட்" என்பதற்குப் பதில் "ரோல்பேக்" என்ற சொல்லை அனுப்புகிறது. சைகோபிஜி2-வின் கமிட் அந்தச் சொல்லைப் பார்ப்பதில்லை. போஸ்ட்கிரெஸின் கட்டளைக் கருவியான பிஎஸ்கியூஎல்-இல் கையால் கமிட் அடித்துப் பாருங்கள், திரையில் ரோல்பேக் என்று வரும்.

ஆகவே கமிட்டுக்கு முன்னால் ஒரு காவல் போடுங்கள்: கனெக்ஷனின் இன்ஃபோ.டிரான்சாக்ஷன்_ஸ்டேட்டஸ் மதிப்பைப் பாருங்கள். அது "இன்எரர்" என்றால் கமிட்டுக்குப் போகாமல் நீங்களே ஒரு எக்செப்ஷன் எழுப்புங்கள். ஒரு வரிதான். இது இருந்திருந்தால் டேபிள் காலி என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

இனி கெட்ட வரியைத் தள்ளும் வழிகள்.

முதல் வழி சேவ்பாயிண்ட், அதாவது டிரான்சாக்ஷனுக்குள் திரும்பி வருவதற்கான ஓர் அடையாளம். இன்சர்ட்டுக்கு முன் "சேவ்பாயிண்ட் வரி", வெற்றி என்றால் "ரிலீஸ் சேவ்பாயிண்ட் வரி", எரர் என்றால் "ரோல்பேக் டு சேவ்பாயிண்ட் வரி", அதன் பின்னும் ரிலீஸ். அந்தக் கடைசி ரிலீஸைப் பலர் மறக்கிறார்கள். ரோல்பேக் டு செய்த பிறகும் அந்த சேவ்பாயிண்ட் உயிரோடுதான் இருக்கும். அதே பெயரில் அடுத்ததைப் போட்டால் பழையது போகாது, அடியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும்.

வரிக்கு ஒரு சேவ்பாயிண்ட் என்றால் சர்வருக்கு மூன்று நடை. 40,000 வரிக்கு 1,20,000 நடை. நடைக்கு அரை மில்லிசெகண்ட் என்றால் ஒரு நிமிடம், 5 மில்லிசெகண்ட் தூரத்தில் சர்வர் இருந்தால் 10 நிமிடம் வெறும் போக்குவரத்துக்கே. இன்னொரு சிக்கலும் உண்டு. எழுதும் வேலை செய்த ஒவ்வொரு சேவ்பாயிண்ட்டும் உள்ளே ஒரு துணை டிரான்சாக்ஷன். ஒரு செஷனுக்கு 64 துணை டிரான்சாக்ஷன் எண்களைத்தான் போஸ்ட்கிரெஸ் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கும். ரிலீஸ் செய்தாலும் வெளி டிரான்சாக்ஷன் முடியும்வரை அந்த எண்கள் கணக்கில் இருக்கும். 64-ஐத் தாண்டினால் உங்கள் ஸ்கிரிப்ட் மட்டுமல்ல, அதே நேரத்தில் ஓடும் மற்ற செஷன்களும் எந்த வரி தெரியும், எது தெரியாது என்று முடிவு செய்ய பிஜி_சப்டிரான்ஸ் என்ற பகுதியைத் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கும். பரபரப்பான சர்வரில் இது நன்றாகவே உறைக்கும்.

அதனால் வரிக்கு ஒன்று வேண்டாம். 500 வரிக்கு ஒரு தொகுதி. எக்சிக்யூட்_வேல்யூஸ் வைத்து 500 வரியையும் ஒரே இன்சர்ட்டாக அனுப்புங்கள், பேஜ்_சைஸ் 500 என்று கொடுத்து (கொடுக்காவிட்டால் அது நூறு நூறாகப் பிரித்து அனுப்பும்). போனால் கமிட். விழுந்தால் ரோல்பேக், அந்த 500-ஐ இரண்டு 250 ஆக்கி மறுபடி, விழுகிற பாதியை மறுபடி இரண்டாக்கி, கடைசியில் ஒற்றை வரி வரை. 40,000-இல் நாலைந்து கெட்ட வரிதான் என்றால் இது மிக வேகம். ஆயிரக்கணக்கில் கெட்டது என்றால் இது உதவாது, கீழே சொல்லும் வழிக்குப் போங்கள்.

இரண்டாவது வழி, எரரே வராமல் பார்த்துக்கொள்வது. "ஆன் கான்ஃப்ளிக்ட் (மின்னஞ்சல்) டூ நத்திங்". போஸ்ட்கிரெஸ் 9.5-இல் இருந்து இருக்கிறது. அடைப்புக்குள் காலம் (டேபிளின் நெடுவரிசை) பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். வெறும் "ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்" என்றால் டேபிளில் உள்ள எந்த யூனிக் மோதலையும் விழுங்கிவிடும், வாடிக்கையாளர் எண் தவறாக இரண்டு முறை வந்திருந்தாலும் உங்களுக்குச் சேதி வராது. நாட் நல், செக், ஃபாரின் கீ, தேதியில் எழுத்து இருப்பது ஆகியவற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவை வழக்கம்போல எரர்தான். தள்ளப்பட்ட வரியை ரோகவுன்ட் 0 என்று வருவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

"டூ அப்டேட்" போட்டால் ஒரு பொறி இருக்கிறது. ஒரே ஸ்டேட்மென்ட்டில் ஒரே மின்னஞ்சல் இரண்டு முறை வந்தால் "கெனாட் அஃபெக்ட் ரோ அ செகண்ட் டைம்" என்று விழும் (எரர் கோட் 21000). அனுப்பும் முன் பைத்தானில் ஒரு டிக்ஷனரி வைத்து டூப்ளிகேட்டை நீக்கிவிடுங்கள்.

மூன்றாவது வழிதான் நான் செய்யச் சொல்வது. எல்லாக் காலமும் டெக்ஸ்ட் வகையாக, எந்தக் கன்ஸ்ட்ரெயின்ட்டும் (யூனிக், நாட் நல் போன்ற விதி) இல்லாத ஒரு தற்காலிக டேபிள். அதோடு ஃபைலின் வரி எண்ணுக்கு ஒரு காலம். அதில் போஸ்ட்கிரெஸின் மொத்த ஏற்றக் கட்டளையான காபியை அனுப்பும் காபி_எக்ஸ்பர்ட் மூலம் ஃபைலை அப்படியே கொட்டுங்கள். பிறகு எஸ்கியூஎல்லிலேயே சோதித்து, தேறாதவற்றைக் காரணத்தோடு ஒரு நிராகரிப்பு டேபிளுக்கும், தேறியவற்றை உண்மை டேபிளுக்கும் அனுப்புங்கள். 40,000 வரிக்கு மொத்தம் ஐந்தாறு ஸ்டேட்மென்ட். காபி ஒன்று மட்டும் முழுதாக ஏறும் அல்லது முழுதாக விழும், பாதி கிடையாது. போஸ்ட்கிரெஸ் 17-இல் "ஆன்_எரர் இக்னோர்" வந்திருக்கிறது, ஆனால் அது தரவு வகை மாறாத வரிகளை மட்டும் தள்ளும், கன்ஸ்ட்ரெயின்ட் எரரைத் தள்ளாது. 15-இல் அதுவும் இல்லை. அதனால்தான் டெக்ஸ்ட் வகை.

சுருக்கனின் ஆட்டோகமிட்: வரிக்கு வரி கமிட் என்றால் இயல்பு அமைப்பில் வரிக்கு வரி டிஸ்க்கில் எழுதி முடிக்கக் காத்திருக்க வேண்டும். அது நேரம். அதைவிடப் பெரிய விஷயம், 20,000-வது வரியில் ஸ்கிரிப்ட் செத்தால் பாதி ஃபைல் உள்ளே, பாதி வெளியே. மறுபடி ஓட்டினால் முதல் பாதி இரட்டிக்காமல் இருக்க யூனிக் கீயும் ஆன் கான்ஃப்ளிக்ட்டும் வேண்டும். அவை இருந்தால் ஆட்டோகமிட் பாவமில்லை.


ஐந்தெழுத்து:

தச்சன் டிரான்சாக்ஷன் பக்கத்தைச் சொல்லிவிட்டார். எதைப் பிடிப்பது என்ற கேள்விக்கு வருகிறேன்.

பைத்தானின் டேட்டாபேஸ் லைப்ரரிகள் பெரும்பாலும் பெப் 249 என்ற விதிமுறையைப் பின்பற்றுகின்றன. அதன்படி உச்சியில் "எரர்". அதன் கீழ் இரண்டு கிளை: "இன்டர்ஃபேஸ்எரர்", "டேட்டாபேஸ்எரர்". இரண்டாவதின் கீழ் ஆறு: டேட்டாஎரர், ஆபரேஷனல்எரர், இன்டெக்ரிட்டிஎரர், இன்டர்னல்எரர், ப்ரோக்ராமிங்எரர், நாட்சப்போர்ட்டட்எரர்.

இந்தப் பெயர்களை மட்டும் நம்பி முடிவெடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். குறிப்பாக ஆபரேஷனல்எரர் ஒரு குப்பைத்தொட்டி. கனெக்ஷன் அறுந்தது, சர்வரில் இடமில்லை, கனெக்ஷன் எண்ணிக்கை நிரம்பிவிட்டது, டெட்லாக், ஸ்டேட்மென்ட் டைம்அவுட் எல்லாம் அதற்குள் விழும். டெட்லாக்குக்கு மறுமுயற்சி சரி. டிஸ்க் நிரம்பியதற்கு ஐந்து முறை முயன்று என்ன பயன்?

சரியான அடையாளம் எஸ்கியூஎல்ஸ்டேட் என்ற ஐந்தெழுத்துக் கோட். சைகோபிஜி2-வில் எக்செப்ஷனின் பிஜிகோட், சைகோபிஜி 3-இல் எஸ்கியூஎல்ஸ்டேட். முதல் இரண்டு எழுத்து எந்த வகுப்பு என்று சொல்லும். உங்கள் ஸ்கிரிப்ட்டுக்கு வேண்டியவை:

23505 யூனிக் மீறல். 23503 ஃபாரின் கீ. 23502 நாட் நல். 23514 செக்.
22001 காலத்தின் நீளத்தைவிடப் பெரிய எழுத்துத்தொடர். 22பி02 எண் வர வேண்டிய இடத்தில் எண் அல்லாதது.
40001 சீரியலைசேஷன் தோல்வி. 40பி01 டெட்லாக்.
25பி02 நீங்கள் 38,688 முறை பார்த்தது. இது லாகில் வந்தால் உண்மையான எரர் இதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது, மேலே போய்த் தேடுங்கள்.
57014 ஸ்டேட்மென்ட் டைம்அவுட் அல்லது யாரோ கேன்சல் செய்தது. 55பி03 பூட்டு கிடைக்கவில்லை.
57பி01 நிர்வாகி சர்வரை நிறுத்தியது அல்லது உங்கள் செஷனைத் துண்டித்தது. 53300 கனெக்ஷன் நிரம்பியது.

2.8-இல் இருந்து சைகோபிஜி2.எரர்ஸ் மாட்யூலில் ஒவ்வொரு கோட்டுக்கும் தனி கிளாஸ் இருக்கிறது: யூனிக்வயலேஷன், டெட்லாக்டிடெக்டட் என்று. எக்செப்ட்டில் அந்தப் பெயரையே எழுதலாம்.

வரியைத் தள்ளிவிட்டுப் போகலாம் என்று முடிவெடுக்க 22, 23 வகுப்புகள் மட்டும்தான் தகுதியானவை. அவை தரவின் குற்றம். 42 வகுப்பு (டேபிள் இல்லை, காலம் பெயர் தவறு, எஸ்கியூஎல் இலக்கணப் பிழை) உங்கள் கோடின் குற்றம். அதைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள், ஸ்கிரிப்ட் அங்கேயே சாகட்டும். "எக்செப்ட் எக்செப்ஷன்" போட்டதால் காலம் பெயர் தவறாக இருந்தால்கூட 40,000 முறை லாகில் எழுதிவிட்டு "முடிந்தது" என்று சொல்லும்.

மெசேஜ் எழுத்தைத் தேடி முடிவெடுக்கும் கோடு ("டூப்ளிகேட் கீ" என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பது) எங்கே கண்டாலும் அழித்துவிடுங்கள். சர்வரின் எல்சி_மெசேஜஸ் அமைப்பைப் பொறுத்து மெசேஜ் ஜெர்மனிலோ ஃபிரெஞ்சிலோ வரும். கோட் மாறாது.

எந்தக் கன்ஸ்ட்ரெயின்ட் உடைந்தது என்பது எக்செப்ஷனின் டயாக்.கன்ஸ்ட்ரெயின்ட்_நேம் என்பதில் இருக்கிறது (சர்வர் 9.3 முதல்). டயாக்.டேபிள்_நேம், டயாக்.காலம்_நேம் இரண்டும் உண்டு, ஆனால் எல்லா எரரிலும் நிரம்பாது. காலம்_நேம் நாட் நல்லில் வரும், யூனிக்கில் வராது, ஏனெனில் யூனிக் பல காலம் சேர்ந்ததாக இருக்கலாம். ஆகவே கன்ஸ்ட்ரெயின்ட்டுக்கு நீங்களே பெயர் வையுங்கள், அந்தப் பெயரில் இருந்து பயனருக்குக் காட்டும் வாக்கியத்துக்கு ஒரு டிக்ஷனரி வையுங்கள். சர்வரின் மெசேஜை அப்படியே திரையில் காட்ட வேண்டாம். யூனிக் எரரின் டீடெயில் வரியில் மோதிய மதிப்பே இருக்கும், அதாவது இன்னொருவருடைய மின்னஞ்சல். லாகிலும் அதை எழுதுவதா என்று யோசியுங்கள்.

இன்னும் மூன்று இடங்கள், பலரும் கவனிக்காதவை.

ஒன்று, எல்லா எரரும் சைகோபிஜி2.எரரின் கீழ் வருவதில்லை. எஸ்கியூஎல்லில் உள்ள இடக்குறிகளைவிட அதிக மதிப்பு கொடுத்தால் பைத்தானின் டைப்எரர், குறைவாகக் கொடுத்தால் இண்டெக்ஸ்எரர். எழுத்துத்தொடருக்குள் நல் பைட் (0 என்ற பைட்) இருந்தால் வேல்யூஎரர், பழைய சிஸ்டத்தில் இருந்து வரும் சிஎஸ்வி-யில் இது அடிக்கடி. இவை சர்வருக்குப் போகும் முன்பே விழுகின்றன, ஆகவே டிரான்சாக்ஷன் கெடாது.

இரண்டு, பிஜிகோட் நன் (பைத்தானில் "மதிப்பு இல்லை") ஆக இருக்கலாம். சர்வர் பதில் சொல்லும் முன்பே கனெக்ஷன் அறுந்தால் கோட் கிடையாது. கோடின் முதல் இரண்டு எழுத்தை வெட்டிப் பார்க்கும் இடத்தில் நன் வந்தால் உங்கள் எக்செப்ட் பிளாக்கே டைப்எரரில் விழும்.

மூன்று, "டிஃபரபிள் இனிஷியலி டிஃபர்டு" என்று வரையறுத்த கன்ஸ்ட்ரெயின்ட் இன்சர்ட்டில் விழாது, கமிட்டில் விழும். சீரியலைசபிள் நிலையில் 40001-ம் கமிட்டில் வரலாம். கமிட்டை ட்ரைக்கு வெளியே வைத்திருந்தால் இவை நழுவிவிடும்.


வரிசைஎண்7:

இருவருக்கும் நன்றி. கமிட் விஷயம் இவ்வளவு நாள் தெரியாமல் இருந்ததே! தற்காலிக டேபிள் வழிக்கே போகிறேன். டெட்லாக், கனெக்ஷன் அறுதல் இரண்டுக்கும் மறுமுயற்சி பற்றி யாராவது சொன்னால் நல்லது. இதே டேபிளில் எழுதும் இன்னொரு ஜாபும் ஓடுகிறது.


மாடிப்படி:

இன்னொரு ஜாப் ஓடுகிறது என்றதுமே டெட்லாக்கின் காரணம் பாதி தெரிந்துவிட்டது.

வெறும் இன்சர்ட்டிலும் டெட்லாக் வரும். நீங்கள் 'அ' என்ற மின்னஞ்சலைப் போட்டுக் கமிட் செய்யாமல் இருக்கிறீர்கள், அந்த ஜாப் 'ஆ'-வைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறது. இப்போது நீங்கள் 'ஆ'-வைப் போடப் போனால் அந்த ஜாப் முடியும்வரை நிற்க வேண்டும், அது 'அ'-வைப் போட வந்தால் நீங்கள் முடியும்வரை நிற்கும். ஒரு செகண்ட் (டெட்லாக்_டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு) காத்திருந்த பிறகு சர்வர் சோதித்து ஒருவரை வெட்டிவிடும். இரண்டு பக்கமும் மின்னஞ்சல் வரிசையில் அடுக்கி எழுதினால் இந்த வகை டெட்லாக் அடங்கிவிடும். மறுமுயற்சி எழுதும் முன் இதைச் செய்யுங்கள். எந்த இரண்டு குவெரி மோதின என்பது கிளையண்ட்டுக்கு வரும் மெசேஜில் இருக்காது, ப்ராசஸ் எண்கள்தான் இருக்கும். குவெரி வாசகம் சர்வர் லாகில்.

மறுமுயற்சியின் முதல் விதி: ஸ்டேட்மென்ட்டை அல்ல, முழு டிரான்சாக்ஷனையும் முதலில் இருந்து ஓட்ட வேண்டும். முன்பு படித்து வைத்த மதிப்புகளையும் மறுபடி படிக்க வேண்டும். 40001 வந்ததே நீங்கள் படித்தது பழசாகிவிட்டது என்பதால்தான். பழைய இருப்பை வைத்துக்கொண்டு அப்டேட்டை மட்டும் மறுபடி அனுப்பினால் சர்வர் தடுத்த தவறை நீங்களே செய்து முடிப்பீர்கள். ஆகவே ஒரு டிரான்சாக்ஷனின் வேலை முழுவதையும் ஒரு ஃபங்ஷனாக எழுதி, அந்த ஃபங்ஷனைத் திரும்ப அழைக்கும் ஒரு உறை போடுங்கள். அதற்குள் மின்னஞ்சல் அனுப்புவது, ஃபைல் நகர்த்துவது, வேறு ஏபிஐ-யைக் கூப்பிடுவது எதுவும் இருக்கக்கூடாது. மூன்று முயற்சி என்றால் மூன்று மின்னஞ்சல் போகும்.

40001, 40பி01 வந்தால்: ரோல்பேக், அதே கனெக்ஷன், சிறிது பொறுத்து மறுபடி. 50 மில்லிசெகண்டில் தொடங்கி ஒவ்வொரு முறையும் இரட்டிப்பு, அதோடு கொஞ்சம் ரேண்டம் சேர்த்து. ரேண்டம் இல்லாவிட்டால் மோதிய இருவரும் ஒரே நேரம் பொறுத்து ஒரே நேரத்தில் வந்து மறுபடி மோதுவார்கள். ஐந்து முறைக்கு மேல் வேண்டாம்.

57014-க்கு மறுமுயற்சி வேண்டாம். 30 செகண்டில் முடியாத குவெரி அடுத்த 30 செகண்டிலும் பெரும்பாலும் முடியாது, சர்வருக்குச் சுமைதான் இரட்டிக்கும். 53300-க்கு நீண்ட இடைவெளி விட்டு ஓரிரு முறை. அப்போதும் வந்தால் எங்கோ கனெக்ஷன் மூடப்படாமல் கசிகிறது.

கனெக்ஷன் அறுந்தால் கதை வேறு. அந்தக் கனெக்ஷன் ஆப்ஜெக்ட் செத்துப்போயிற்று, அதன் க்ளோஸ்ட் என்ற மதிப்பு 0 அல்லாததாகிவிடும். எக்செப்ட்டுக்குள் பழக்கத்தில் ரோல்பேக் அழைத்தால் அது "கனெக்ஷன் ஆல்ரெடி க்ளோஸ்ட்" என்று ஒரு இன்டர்ஃபேஸ்எரரை எழுப்பும். வெளியே இருக்கும் உங்கள் மறுமுயற்சி உறை ஆபரேஷனல்எரருக்காகக் காத்திருக்கும், வந்ததோ இன்டர்ஃபேஸ்எரர், அது பிடிக்காமல் விட்டுவிடும். ரோல்பேக்குக்கு முன் க்ளோஸ்ட் மதிப்பைப் பாருங்கள். மூடியிருந்தால் அதைத் தூக்கி எறிந்து புதிதாகக் கனெக்ட் ஆகுங்கள். பூல் (திறந்த கனெக்ஷன்களைச் சேர்த்து வைத்துப் பகிர்வது) வைத்திருந்தால் புட்கான் அழைக்கும்போது க்ளோஸ் ட்ரூ என்று கொடுத்துத் திருப்புங்கள்.

சர்வர் ஒரேயடியாக மறைந்துபோனால் (நடுவில் இருக்கும் ஃபயர்வால் கனெக்ஷனை மறந்துவிடுவது சாதாரணம்) எரர்கூட வராது, ஸ்கிரிப்ட் அப்படியே தொங்கும். லினக்ஸில் கீப்அலைவ் (மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை) தொடங்க இயல்பாக 7,200 செகண்ட், அதாவது இரண்டு மணி நேரம். கனெக்ஷன் அமைப்பில் கீப்அலைவ்ஸ்_ஐடில் 30, கீப்அலைவ்ஸ்_இன்டர்வல் 10, கீப்அலைவ்ஸ்_கவுன்ட் 3, கனெக்ட்_டைம்அவுட் 10 என்று கொடுங்கள். அப்போது சுமார் ஒரு நிமிடத்தில் எரராக வந்துவிடும். எரராக வந்தால்தானே பிடிக்க முடியும்.

கடினமான இடம் ஒன்றே ஒன்று. கமிட் அனுப்பிவிட்டீர்கள், பதில் வரும் முன் கனெக்ஷன் அறுந்துவிட்டது. கமிட் ஆனதா, இல்லையா? எக்செப்ஷனைப் பார்த்து இதைச் சொல்லவே முடியாது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஓட்டினால் இரட்டை ஏற்றம் ஆகலாம், ஓட்டாமல் விட்டால் தொகுதி விடுபடலாம். உங்கள் வேலைக்கு எளிய தீர்வு: "ஏற்றக் கணக்கு" என்று சின்ன டேபிள், அதில் ஃபைலின் ஹாஷும் (உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிடும் அடையாளம்) தொகுதி எண்ணும் சேர்ந்து பிரைமரி கீ. ஒவ்வொரு தொகுதியின் டிரான்சாக்ஷனுக்குள்ளேயே இதில் ஒரு வரி போடுங்கள், அதையே முதல் ஸ்டேட்மென்ட்டாக. மறுபடி ஓட்டும்போது அந்த வரி 23505 என்று மோதினால் முன்பு போனது கமிட் ஆகியிருக்கிறது, ரோல்பேக் செய்துவிட்டு அடுத்த தொகுதிக்குப் போகலாம். பழைய செஷன் சர்வரில் இன்னும் முடியாமல் இருந்தால் இந்த இன்சர்ட் அது முடியும்வரை நின்று பிறகுதான் பதில் சொல்லும், அதுவும் நமக்கு வேண்டியதே. டிரான்சாக்ஷன் எண்ணைக் குறித்து வைத்துப் பிஜி_எக்சாக்ட்_ஸ்டேட்டஸ் (சர்வர் 13 முதல்) மூலம் கேட்கும் வழியும் உண்டு. ஆனால் கணக்கு டேபிள் மறுநாள் காலையில் பார்த்தாலும் பதில் சொல்லும்.


வரிசைஎண்7:

பிரமாதம். கடைசியாக ஒன்று: "வித் கனெக்ஷன்" பிளாக் பயன்படுத்தினால் கமிட், ரோல்பேக், க்ளோஸ் மூன்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்தானே?


தரவுத்தச்சன்:

இரண்டைப் பார்த்துக்கொள்ளும், மூன்றாவதை அல்ல. சைகோபிஜி2-வில் "வித் கனெக்ஷன்" சரியாக முடிந்தால் கமிட், எக்செப்ஷனோடு வெளியே வந்தால் ரோல்பேக். கனெக்ஷன் திறந்தே இருக்கும், க்ளோஸை நீங்கள்தான் ஃபைனலியில் வைக்க வேண்டும். சைகோபிஜி 3-இல் அதே வாக்கியம் கனெக்ஷனை மூடியும் விடும், அங்கே டிரான்சாக்ஷனுக்கு மட்டும் வேண்டுமென்றால் கனெக்ஷனின் டிரான்சாக்ஷன்() என்பதை வித்தில் போட வேண்டும். அதை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால் உள்ளே இருப்பது தானாக சேவ்பாயிண்ட் ஆகும், ரிலீஸ் மறக்கும் தொல்லையும் இல்லை. 2-இல் இருந்து 3-க்கு மாற்றும்போது முதலில் உடைகிற இடம் இந்த வித்தான்.

அதோடு, வித் பிளாக்குக்கு உள்ளே ட்ரை, எக்செப்ட் போட்டு எரரை விழுங்கினால் வித் அதைப் பார்க்காது. எல்லாம் நலம் என்று எண்ணிக் கமிட் அனுப்பும், சர்வர் சத்தமில்லாமல் ரோல்பேக் செய்யும், உங்கள் முதல் கேள்வியில் இருந்த காலி டேபிள் திரும்பவும் வரும். ட்ரை வெளியே, வித் உள்ளே.


சுருக்கன்:

ஆட்டோகமிட் கனெக்ஷனிலும் 2.9-இல் இருந்து "வித் கனெக்ஷன்" போட்டால் அந்த பிளாக் ஒரு டிரான்சாக்ஷனாகத்தான் ஓடும். பழைய 2.8-இல் அப்படி இல்லை. சர்வரில் எந்த வெர்ஷன் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் ப்ரோ.